மழை நாளில் செடியைப் படிக்கலாம்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது ஊர் வழக்கு. டெல்டாவில் சம்பாவும் தாளடியும் நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கிறது. தோட்டக்கால் வைத்திருப்பவர்கள் மண் காயும் வரை மண்வெட்டி எடுக்க முடியாது. ஈர மண்ணைக் கொத்தினால் கட்டிதட்டிப் போகும். மாடித்தோட்டக்காரர்களுக்கோ தொட்டியின் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்குவதுதான் வேலை. தை பிறந்தால் அறுவடை, பிறகு கோடைப் பயிர் என்று ஓட்டம் தொடங்கிவிடும். உழவர் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து படிக்கக் கிடைப்பது இந்த மழை, பனி மாதங்கள்தான்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது. அதையொட்டி மாவட்டத் தலைநகரங்களிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. தாவரங்களைப் பற்றி எதை வாங்கலாம், எதை நூலகத்தில் எடுக்கலாம், எதைக் காசில்லாமலே படிக்கலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

சுரைப் பந்தலில் நடந்தது

அரை ஏக்கரில் பந்தல் போட்டுச் சுரை பயிரிட்ட விவசாயி ஒருவர். கொடி நன்றாக ஏறியது, பூவும் பூத்தது. ஆனால் பூத்த பூவெல்லாம் மறுநாளே தரையில் கிடந்தது. உதிர்ந்த பூக்களைக் கையில் அள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொரு பாட்டில். காலையில் அடித்தால் தேனீ சாகும் என்று எங்கோ கேட்டிருந்ததால், அக்கறையோடு மாலையில்தான் அடித்தார். மூன்று முறை அடித்த பிறகு பூ மட்டுமல்ல, விரல் நீளப் பிஞ்சுகளும் மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

அவர் செய்ததில் சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. தெரியாமல் போனது மூன்று செய்திகள்தான். முதலாவது, சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், அவை ஒரு நாள் வேலையை முடித்துக்கொண்டு உதிர்வது இயல்பு. இரண்டாவது, பெண் பூவுக்கு அடியில் சின்னச் சுரைக்காய் போலவே சூற்பை இருக்கும். மகரந்தம் வந்து சேராவிட்டால் அது மஞ்சளாகி உதிரும். மூன்றாவது, சுரையின் வெள்ளைப் பூ மாலையில்தான் விரியும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளே அதற்கு முக்கியத் துணை. தேனீயைக் காப்பாற்ற அவர் தேர்ந்தெடுத்த மாலை நேரம், சுரைக்கு வேண்டிய பூச்சிகள் வரும் நேரம்.

நோயே இல்லாத பயிருக்கு மருந்து வாங்கிய செலவு ஒரு பக்கம். மருந்து அடித்ததாலேயே போன காய்ப்பு இன்னொரு பக்கம். இதில் வருத்தம் என்னவென்றால், ஆண் பூ, பெண் பூ, சூற்பை எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கும் புத்தகம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது. அது பதினோராம் வகுப்பு படிக்கும் அவர் மகளுடைய தாவரவியல் பாடநூல்.

முதல் புத்தகம்: பள்ளிப் பாடநூல்

தமிழில் தாவரவியலை முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் தமிழ்நாடு அரசின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் நூல்கள். வண்ணப் படங்கள் நிறைய உண்டு. இணையத்தில் இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். தேர்வுக்குப் படித்தபோது கசந்தது, சொந்தத் தோட்டத்தை வைத்துப் படிக்கும்போது இனிக்கும். எல்லாப் பாடமும் வேண்டாம். நான்கு பகுதிகள் போதும்.

பூவின் அமைப்பும் மகரந்தச் சேர்க்கையும் முதல் பகுதி. பூசணி விடியலில் பூக்கிறது, அதற்குத் தேனீ வேண்டும். பாகலும் காலைப் பூ. சுரை, பீர்க்கு, புடலை மாலையில் விரிபவை. இது தெரிந்தால் எந்தப் பயிருக்கு எந்த நேரத்தில் மருந்து அடிக்கக் கூடாது என்பதும், மாடித்தோட்டத்தில் பூச்சி வராதபோது எந்த நேரத்தில் கையால் மகரந்தம் தடவ வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

தண்டின் உள்ளமைப்பு இரண்டாவது. மா, கொய்யா போன்ற இருவித்திலைத் தாவரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற வளரும் அடுக்கு உண்டு. ஒட்டுக் கட்டும்போது இரண்டு செடியின் கேம்பியமும் ஒன்றோடொன்று தொட்டால்தான் ஒட்டுச் சேரும். தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில் அந்த அடுக்கு கிடையாது. அதனால் தென்னையில் ஏறுவதற்காக வெட்டிய படி மரம் உள்ளவரை மூடாது. அந்தக் காயம்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும் வாசல். மாமரத்தில் கொடிக்கம்பியை இறுக்கிக் கட்டி ஆண்டுக்கணக்கில் விட்டால் மரம் ஏன் நலிகிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இலை தயாரித்த உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி அந்த வழியை நெரித்துவிடுகிறது.

கனிம ஊட்டம் மூன்றாவது. செலவை மிச்சப்படுத்தும் பாடம் இதுதான். தழை, மணி, சாம்பல், மக்னீசியம் ஆகிய சத்துகள் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உறிஞ்சிப் புதிய இலைக்குக் கொடுக்கும். ஆகவே குறை முதலில் அடி இலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்பு, போரான் அப்படி நகராதவை. குறை கொழுந்தில் தெரியும். இட்லிப்பூச் செடியில் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் இது சாதாரணம். யூரியா போட்டால் தீராது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், கரைத்து இலையில் தெளித்துப் பார்க்கலாம். மழை நாளில் தொட்டிச் செடி முழுவதும் மஞ்சளித்தால் எந்த உரத்தையும் தேட வேண்டாம். தண்ணீர் தேங்கி வேருக்கு மூச்சு முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

நான்காவது, தாவரக் குடும்பங்கள். வெண்டை, பருத்தி, செம்பருத்தி, துத்தி, பூவரசு ஆகிய ஐந்தின் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்திலும் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் குழாய் போல் நிற்கும். எல்லாம் மால்வேசி குடும்பம். குடும்பம் ஒன்றானால் எதிரிகளும் பல ஒன்றே. பருத்தியின் புள்ளிக் காய்ப்புழு வெண்டைக்கும் வரும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் சொலானேசி. வாடல் நோய் வந்த தக்காளி நிலத்தில் அடுத்துக் கத்தரி வைத்தால் நோய்க்கு விருந்து வைத்த மாதிரி. பயிர் சுழற்சிக்கு அட்டவணை தேட வேண்டியதில்லை. குடும்பம் தெரிந்தால் போதும்.

மண்ணைக் காட்டும் மூன்று நூல்கள்

பரிணாமக் கொள்கைக்குப் பெயர் பெற்ற சார்லஸ் டார்வினின் கடைசிப் புத்தகம் மண்புழுவைப் பற்றியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1881இல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு அவர் காலமானார். 1837இலேயே மண்புழு பற்றிக் கட்டுரை வாசித்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் கவனித்து எழுதினார். தொட்டியில் புழுக்களை வளர்த்து விளக்கு காட்டினார், விசில் ஊதினார், பியானோ வாசிக்கச் செய்தார். சத்தத்துக்குப் புழு அசையவில்லை; தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்ததும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடியது. இலையை எந்த முனையைப் பிடித்து வளைக்குள் இழுக்கிறது என்று பார்க்கக் காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் போட்டுச் சோதித்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று கணக்கிட்டார். ஆங்கிலத்தில் இருக்கும் இந்த நூல் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு மாலை வாசித்துச் சொல்லச் சொல்லலாம். மண்புழு உரம் போடும் எவரும் இதைக் கேட்டு ரசிப்பார்கள்.

இரண்டாவது, ஆல்பர்ட் ஹோவர்ட் 1940இல் வெளியிட்ட 'அன் அக்ரிகல்சுரல் டெஸ்டமென்ட்'. 1905இல் தாவரவியலாளராக இந்தியா வந்தவர், பீகாரின் பூசாவிலும் பிறகு இந்தூரிலும் பணியாற்றினார். மனைவி கேப்ரியலும் தாவரவியலாளர். ஆய்வுகளில் பெரும் பங்கு அவருக்கு உண்டு. இந்திய உழவர்களின் வயலைப் பார்த்துக் கற்றதையும் இந்தூரில் உருவாக்கிய மட்கு உர முறையையும் ஹோவர்ட் இதில் விளக்குகிறார். இங்கே பார்த்துக் கற்ற பாடம் உலகம் சுற்றித் திரும்பி வந்த கதை இது.

மூன்றாவது, ஜப்பானின் மசானோபு ஃபுகோகா எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. மூல நூல் 1975இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. பலரும் இதை 'ஒன்றும் செய்யாமல் விளைவிக்கலாம்' என்று படித்துவிட்டு ஏமாறுகிறார்கள். ஃபுகோகா தாவர நோயியல் படித்தவர். கவாத்து செய்து பழக்கப்பட்ட தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தைத் திடீரென்று அப்படியே விட்டதில் மரங்கள் பட்டுப்போனதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கைவிடுவது வேறு, இயற்கையோடு சேர்ந்து செய்வது வேறு என்று அவர் உணர்ந்த இடம் அது. புத்தகத்தில் அந்தப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

பெயர் தெரிய வேண்டுமா?

தமிழ்நாட்டுச் செடிகளை இனம் காண அடிப்படையான பழைய நூல், வனத்துறையில் பணியாற்றிய கேம்பிள் 1915 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட சென்னை மாகாணத் தாவரத் தொகுதி. அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் அதை முடித்தார். அதற்கு அடுத்த பெரும் முயற்சி திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினெட் ஹெர்பேரியத்திலிருந்து வந்தது. அருட்தந்தை கே. எம். மேத்யூ சமவெளி முழுவதும் செடி சேகரித்து, 1980களில் தமிழ்நாடு கர்நாடிக் தாவரத் தொகுதியைக் கோட்டுப் படங்களுடன் வெளியிட்டார். பின்னர் பழனி மலைத் தாவரங்களுக்கும் தனித் தொகுதி கொண்டுவந்தார். இவை கலைச்சொல் நிறைந்த கனமான ஆங்கில நூல்கள். வாங்க வேண்டாம், தாவரவியல் துறை உள்ள கல்லூரி நூலகத்தில் ஒரு முறை புரட்டிப் பார்த்தால் போதும். தொடக்க நிலையினருக்கு நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட சந்தாபாவின் 'காமன் ட்ரீஸ்' போன்ற சிறு நூல்கள் எளிது.

தமிழில் இந்த வரிசையில் முதலிடம் கு. சீநிவாசன் எழுதி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'சங்க இலக்கியத் தாவரங்கள்' நூலுக்கு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் 99 பூக்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. அவற்றில் எது இன்றைய எந்தச் செடி என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பாலத்தை இந்த நூல் போடுகிறது: இலக்கியப் பெயர், உலக வழக்குப் பெயர், குடும்பம், தாவரப் பெயர் என்று ஒவ்வொன்றையும் தாவரவியலாளர் கண்ணோடு விளக்குகிறது. பி. எல். சாமியின் செடி கொடி விளக்க நூலும் இதே துறையில் முன்னோடி. வேலியில் நிற்கும் நொச்சியும் ஆற்றோரப் புன்கும் கழனி ஆம்பலும் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அறிமுகங்கள் என்று தெரிந்த பிறகு, வேலியை வெட்டும் கை கொஞ்சம் யோசிக்கும்.

படிக்கும் முறை

செடிப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போல் அட்டையிலிருந்து அட்டைக்குப் படிக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாடம், ஒரு செடி. பூவைப் பற்றிப் படித்தால் ஒரு வெண்டைப் பூவைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மிளகாய் இலையைச் சுருட்டுவது இலைப்பேனா, சிலந்தியா என்று அதில் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு நோட்டில் தேதி போட்டு, எது எப்போது துளிர்த்தது, பூத்தது, உதிர்ந்தது என்று எழுதி வாருங்கள். மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதினால் உங்கள் மண்ணுக்கென்று ஒரு புத்தகம் கையில் இருக்கும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

வாசகர் கேள்விகள்

தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். ஒரே ஒரு புத்தகம் என்றால் எது?

பதினோராம் வகுப்புத் தாவரவியல். அதை முடித்த பிறகு மனம் லயித்துப் படிக்க, மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பு. அதில் செடியைவிடப் பறவையும் விலங்கும் அதிகம். ஆனால் நின்று நிதானமாகப் பார்ப்பது எப்படி என்று கற்றுத்தரும்.

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகத்தில் 'வசந்தத்தில் விதைக்கவும்' என்று இருக்கிறது. அதைப் பின்பற்றலாமா?

மாதக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அங்கே உறைபனி முடிவதை வைத்து விதைக்கிறார்கள். இங்கே மழையை வைத்து விதைக்கிறோம். நாற்று விடுதல், மட்கு, கவாத்து போன்றவற்றின் காரணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டமும் ரகமும் அறியத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேட்டைப் பாருங்கள். அது தொடர்ந்து படிப்பதற்கல்ல, தேவைப்படும்போது புரட்டுவதற்கு.

பழைய புத்தகக் கடையில் 1970களின் காய்கறிச் சாகுபடி நூல் ஒன்று மலிவாகக் கிடைத்தது. பயன்படுமா?

செடியின் வளர்ச்சி, விதை, நாற்று பற்றிய பகுதிகள் பயன்படும். பயிர் பாதுகாப்புப் பகுதியைப் பென்சிலால் குறுக்கே அடித்துவிடுங்கள். அந்தக் கால நூல்களில் டி.டி.டி., பி.எச்.சி. தாராளமாக இருக்கும். விவசாயத்தில் டி.டி.டி.க்கு 1989இலும், பி.எச்.சி.க்கு 1997இலும் தடை வந்தது. எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மோனோகுரோட்டோபாஸ் காய்கறிகளுக்கு அடிக்கவே கூடாது. மருந்து விஷயத்தில் பழைய புத்தகம் ஆபத்து.

மூலிகைப் புத்தகத்தில் படம் பார்த்து வீட்டில் பறித்துச் சாப்பிடலாமா?

கூடாது. வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணியும் மஞ்சள் பூக் கரிசலாங்கண்ணியும் வேறு வேறு செடிகள். பெயர் மட்டும் ஒன்று. கீழாநெல்லி போலத் தோன்றும் செடிகளும் பல. கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், பார்க்க அழகு. கிழங்கில் உயிரைப் பறிக்கும் நஞ்சு இருக்கிறது. செடியை இனம் காணப் புத்தகம், உட்கொள்ள மருத்துவர்.

இவ்வளவும் படிக்க நேரம் ஏது? செல்போனில் படம் எடுத்தால் செயலி பெயர் சொல்கிறதே?

சொல்கிறது; பல நேரம் சரியாகவும் சொல்கிறது. ஆனால் உதிர்ந்தது ஆண் பூவா, பெண் பூவா என்று நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு பக்கம் போதும். மார்கழி முடிவதற்குள் அந்த நான்கு பகுதிகளில் பாதியாவது முடிந்துவிடும்.

சுரைப் பந்தல் விவசாயிக்கு அந்த ஆண்டுக் காய்ப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அடுத்த பட்டத்தில் பாட்டில் வாங்கவில்லை. பூ விரியும் நேரத்தில் டார்ச் விளக்கோடு பந்தலுக்குள் போனார். ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூக்களின் நடுவில் மெதுவாகத் தடவினார். கூடவே மகள் போனாள். எது பெண் பூ என்று காட்டியவள் அவள்தான்.

அடுத்த இதழில்: மார்கழிப் பனியில் மாம்பூவைக் காப்பது எப்படி?